பழைய கப்பலா, புதுக் கப்பலா, சொந்தமாகக் கட்டுவதா? சின்னக் கடற்படைகளின் முன்னால் இருக்கும் வழிகள்

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்கு வந்தால், ஒரு படகு வாங்குவது எவ்வளவு பெரிய முடிவு என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையேற்றுவது, தகடு மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாம் அந்த நாட்களில்தான். போன தடைக்காலத்தில் என் கூட்டாளி ஒருவர் பதினெட்டு வயதான ஒரு இரும்பு லாஞ்சுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நான் முப்பது வருடமாகக் கப்பல் டீசல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் மேற்பார்வை பார்க்கும் என் அக்கா மகனும் அன்று லீவு; கூடவே வந்தான்.

கூட்டாளி கையில் ஒரு சின்னச் சுத்தியல். நீர்மட்டக் கோட்டை ஒட்டி ஒரு சாணுக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கணீரென வந்த சத்தம் எஞ்சின் அறைக்கு நேர் கீழே வந்ததும் டப்பென்று அடங்கியது. அந்த இடத்தில்தான் பெயின்ட் ரொம்பப் புதுசாக இருந்தது. சுரண்டினோம். துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. ஆறு மில்லிமீட்டர் தகடு, நாலரைக்குக் கீழே போயிருந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தாக வேண்டும். "இன்னாண்ணே, விட்டுடலாமா?" என்று அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் மாமா, நாடுங்களும் கப்பலை இப்படித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குமா?" என்று கேட்டான் மருமகன்.

"தட்டாம வாங்கிட்டு அப்புறம் அழுத நாடும் இருக்குதுடா."

"சரி, நீங்க ஒரு சின்ன நாட்டுக்கு மந்திரியா இருந்தா எதை வாங்குவீங்க? பழசா, புதுசா?"

இராயபுரம் வரை நடந்துகொண்டே பேசினோம், முடியவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

சின்ன நாடு என்று நான் சொல்வது மொரீஷியஸ், அயர்லாந்து, நியூசிலாந்து, இலங்கை, மால்டா மாதிரி நாடுகளை. இவற்றின் கடற்படைக்குப் போர் என்பது தினசரி வேலை இல்லை. மொரீஷியஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். ஆனால் 200 கடல் மைல் உரிமைப்படி அது காவல் காக்க வேண்டிய கடல் ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலப் பதினேழு மடங்குக்கும் மேலே. அங்கே தனிக் கடற்படையே கிடையாது. காவல்துறையின் கீழ் இயங்கும் கடலோரக் காவல்படைதான் எல்லாம். திருட்டு மீன்பிடியைத் தடுப்பது, போதைப்பொருள் படகைத் துரத்துவது, புயலில் மாட்டியவரைத் தூக்கி வருவது, தூரத்துத் தீவுக்குச் சாமான் கொண்டுபோவது என்று இருக்கிற ஒன்றிரண்டு பெரிய கப்பல்தான் ஓட வேண்டும். அதனால் நான் கப்பலை அளப்பது பீரங்கியை வைத்து அல்ல. வருடத்தில் எத்தனை நாள் கடலில் நிற்கும், உடைந்தால் யார் சரிபண்ணுவார், ஓட்ட ஆள் இருக்கிறதா என்ற மூன்று கேள்விதான் என் அளவுகோல்.

முதலில் பழைய கப்பல். இதுதான் அதிக ஆசை காட்டும் வழி. பெரிய நாடு ஒன்று தன் கப்பலுக்கு ஓய்வு கொடுக்கும்போது இலவசமாகவோ சொற்ப விலைக்கோ தருகிறது. பெரிய உருவம், உடனே கையில் கிடைக்கும், கொடி ஏற்றிப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கைக் கடற்படை என்றாலே எங்கள் கரையில் பலருக்கு முகம் மாறிவிடும். இராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் படகையும் ஆளையும் இழந்த குடும்பங்களின் வலி எங்களுக்கும் வலிதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் கப்பல் வாங்கும் விஷயத்தில் அந்தக் கடற்படையைவிட நல்ல பாடம் பக்கத்தில் வேறு இல்லை. அதன் கஜபாகு 1968இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் ஷெர்மன் என்ற பெயரில் சேர்ந்த கப்பல். ஐம்பது வருடம் உழைத்த பிறகு 2018இல் கைமாறியது. விஜயபாகு அதே வகையைச் சேர்ந்தது, 1971இல் அமெரிக்காவில் பணிக்கு வந்தது. பராக்கிரமபாகு சீனக் கடற்படையில் இருந்த போர்க்கப்பல், 2019இல் வந்தது. சயுர, 2000இல் இந்தியக் கடற்படையிடமிருந்து போன கப்பல். சயுரால, சிந்துரால இரண்டும் கோவாவில் புதிதாகக் கட்டி 2017, 2018இல் சேர்ந்தவை. ஒரே துறைமுகத்தில் மூன்று நாட்டு எஞ்சின், மூன்று நாட்டு மின்வயரிங், மூன்று நாட்டுக் கையேடு. இதில் ஒரு ஃபியூயல் பம்ப் போனால் பக்கத்துக் கப்பலில் கழற்றி மாட்ட முடியாது. ஸ்டோர் ரூமில் ஒவ்வொன்றுக்கும் தனி அலமாரி, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பழக்கிய ஃபிட்டர்.

இது எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்குக் கை வலிக்கத் தெரியும். பல வருடத்துக்கு முன்னால் கப்பலை இழுக்கும் ஒரு பழைய டக் படகில் வேலை பார்த்தேன். எஞ்சின் அருமையான எஞ்சின். ஆனால் அதைச் செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. ஒரு இன்ஜெக்டர் செட்டுக்காக நாலு மாதம் கட்டியே கிடந்தது. கடைசியில் லேத் பட்டறையில் கடைந்து, மூன்றாவது முறைதான் பொருந்தியது. அந்த நாலு மாதமும் ஆட்களுக்குச் சம்பளம் போனது, துறைமுக வாடகை போனது. படகை மலிவாக வாங்கிய பணம் எல்லாம் அதிலேயே கரைந்தது.

தட்டாமல் வாங்கி அழுததற்கு நியூசிலாந்தைச் சொல்வேன். படையும் வண்டியும் ஏற்றிச் செல்ல ஒரு கப்பல் வேண்டும் என்று டென்மார்க்கில் கட்டிய ஒரு பழைய சரக்குக் கப்பலை 1994இல் வாங்கினார்கள். நாட்டின் மிகப் பெரிய வீரர், விக்டோரியா கிராஸ் பதக்கத்தை இரண்டு முறை பெற்ற சார்லஸ் உப்பம் பெயரை அதற்கு வைத்தார்கள். பாரம் இல்லாமல் கடலில் இறங்கியதும் அது தொட்டிலாட்டம் ஆடியது. சரிபண்ணப் பெரிய மாற்றங்கள் தேவைப்பட்டன. அதற்கான பணம் வரவே இல்லை. கடைசியில் மத்தியதரைக் கடலில் பழம் ஏற்றும் வேலைக்கு வாடகைக்கு விட்டு, 2001இல் விற்றுவிட்டார்கள். ஒரு வீரனின் பெயரைத் தாங்கிய கப்பலுக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது. அந்தக் கப்பல் கெட்ட கப்பல் இல்லை. அது வேறு வேலைக்குப் பிறந்த கப்பல். எலும்புக்கூடு எதற்காகப் போடப்பட்டதோ அதை மேல்பூச்சால் மாற்ற முடியாது.

அதற்காகப் பழசு எல்லாமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அயர்லாந்து இதில் இரண்டு பக்கமும் பார்த்த நாடு. 1946இல் அதன் கடற்படைச் சேவை தொடங்கியபோது பிரிட்டனிடமிருந்து போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய மூன்று கார்வெட்டுகளை, அதாவது சிறு போர்க்கப்பல்களை, வாங்கினார்கள்: மாஹா, மேவ், கிளியோனா. அவற்றில்தான் ஒரு தலைமுறை மாலுமிகள் தொழில் கற்றார்கள். ஆனால் மூன்றும் ஒரே வயது. 1970 வாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தபோது கிட்டத்தட்டக் கையில் கப்பலே இல்லாத நிலை வந்துவிட்டது. மறுபடியும் கடலில் வைத்த கண்ணிவெடிகளை அகற்றும் பழைய கப்பல்களைத் தேடி ஓட வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறான கதை 1988இல். ஹாங்காங் காவலுக்காகப் பிரிட்டன் கட்டிய இரண்டு சிறு ரோந்துக் கப்பல்களை, கட்டிச் சில வருடங்களே ஆன நிலையில் வாங்கினார்கள். ஓர்லா, கியாரா என்று பெயர் மாற்றினார்கள். 2022 வரை, 34 வருடம், அவை உழைத்தன. வயது குறைவு, இரண்டும் ஒரே வகை, செய்யப்போகிற வேலைக்கே கட்டியவை. பழசு வாங்குவது என்றால் இப்படி வாங்க வேண்டும்.

வாடகைக் கப்பலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்க் கதையே போதும். 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது முதலில் ஓட்டியது வாடகைக் கப்பல்தான். ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்கடி தாங்காமல் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அப்புறம்தான் அவர் அலைந்து திரிந்து காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாகக் கொண்டுவந்தார். கப்பல் யாருடையதோ, அவர் கையில்தான் கடிவாளம். நன்கொடைக் கப்பலிலும் விமானத்திலும் இதே கயிறு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மாலத்தீவுக்கு இந்தியா கொடுத்த ஹெலிகாப்டர்களையும் டோர்னியர் விமானத்தையும் இயக்க இந்திய வீரர்களே அங்கே இருந்தார்கள். ஆட்சி மாறியதும் அதுவே அரசியலாகி, 2024 மே மாதத்துக்குள் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்தது இல்லை இது. ஓட்டத் தெரிந்த ஆள் நம்மிடம் இல்லையென்றால், வாங்கிய பொருள் நம் வாசலில் நின்றாலும் இன்னொருவருடையதுதான்.

அடுத்தது வெளிநாட்டில் புதிதாகக் கட்டி வாங்குவது. மருமகனின் ஓட்டு இதற்குத்தான். "புதுசுன்னா தலைவலி இல்ல மாமா, வாரன்டி இருக்கும்" என்றான். பாதி சரி. மொரீஷியஸ் 1996இல் சிலி நாட்டில் கட்டிய விஜிலன்ட் என்ற ரோந்துக் கப்பலை வாங்கியது. புதுசுதான். ஆனால் கட்டியவர் இருப்பது பசிபிக் கரையில், கப்பல் ஓடுவது இந்தியப் பெருங்கடலில். பழுது வந்தபோது அந்தத் தூரம் முழுக்கக் குறுக்கே நின்றது. கடலில் நின்ற காலத்தைவிடக் கரையோடு கிடந்த காலம்தான் பேச்சானது. அதற்கு அடுத்த பெரிய கப்பலான பாராகுடா கொல்கத்தாவில் கட்டப்பட்டு 2015 மார்ச்சில் போர்ட் லூயியில் பணியில் சேர்ந்தது. இந்தியா வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்த முதல் போர்க்கப்பல் அது. அதைத் தொடர்ந்து விக்டரி, வாலியன்ட் என்ற இரண்டு விரைவு ரோந்துக் கப்பல்கள் கோவாவிலிருந்து போயின. கட்டிய தளம் சில நாள் பயணத்தில் இருக்கிறது. மாலுமிகள் பயிற்சிக்கு வருவதும் இந்தியாவுக்கே. புதுக் கப்பல் என்றால் விலைக்கு முன்னால் வரைபடத்தை எடுத்துக் கட்டுமிடத்துக்கும் நம் துறைமுகத்துக்கும் எத்தனை நாள் ஓட்டம் என்று பாருங்கள் என்பேன்.

பீரங்கி, ரேடார், ஏவுகணை என்று ஏற்றிக்கொண்டே போகும் பேராசைதான் புதுக் கப்பலின் பெரிய ஆபத்து. கட்டும் தளத்துக்காரர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆர்டர் பெரிதாவது அவருக்கு லாபம்தான். வணிகக் கப்பல் தரத்தில் கட்டிய உடல், ஊரில் ஃபிட்டருக்குத் தெரிந்த டீசல் எஞ்சின், ஒரு நல்ல பீரங்கி, நல்ல கிரேன், இரண்டு ரப்பர் படகு. ஒரு சின்னக் கடற்படையின் நூறு வேலையில் தொண்ணூற்றைந்தை இதுவே செய்துவிடும்.

சொந்தமாகக் கட்டுவதுதான் எல்லோருக்கும் பிடித்த கனவு. எனக்கும்தான். 1961இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த முதல் விக்ராந்த் பிரிட்டனில் பாதி கட்டி நிறுத்திவைத்திருந்த கப்பல். 2022இல் அதே பெயரில் சேர்ந்தது கொச்சியில் கட்டியது. அந்த நாளை டிவியில் பார்த்தபோது எங்கள் பட்டறையில் எல்லோரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றோம். ஆனால் அது பெரிய நாடு. ஆர்டர் தொடர்ந்து வரும்.

சின்ன நாட்டில் என்ன ஆகும் என்பதற்கு மறுபடியும் அயர்லாந்துக்கே வர வேண்டும். 1972இல் தீட்ரா என்ற ரோந்துக் கப்பலைக் கார்க் துறைமுகத்தில் வெரோல்ம் தளத்தில் கட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக எமர், ஈஃபா, ஆஷ்லிங். பிறகு 1984இல் ஹெலிகாப்டர் தளத்தோடு எய்த்னா. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தேறியது. அட்லாண்டிக் அலைக்கு எந்த நீளம் வேண்டும், முன்பக்கம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று தங்கள் கடலிலேயே கற்ற பாடம் அடுத்த கப்பலில் ஏறியது. எய்த்னாவோடு தளம் மூடப்பட்டது. ஒரு சின்னக் கடற்படை பத்து வருடத்தில் ஐந்து கப்பல்தான் கேட்கும். அதை நம்பி ஆயிரம் குடும்பம் அடுப்பு எரிக்க முடியாது. அடுத்த தலைமுறைக் கப்பல்களை இங்கிலாந்தில் ஆப்பிள்டோர் தளத்தில் கட்டினார்கள். 2019இல், அயர்லாந்தின் கடைசி ஆர்டர் முடிந்து போனதும், அந்தத் தளமும் மூடப்பட்டது. அதைப் பின்னால் வேறொருவர் வாங்கித் திறந்தார்கள் என்பது வேறு விஷயம். வெல்டருக்குக் கை ஓய்ந்தால் ஒரு வருடத்தில் வேறு ஊர், வேறு வேலை. திரும்பக் கூப்பிட்டால் வரமாட்டான். தளம் என்பது கிரேனும் ஷெட்டும் இல்லை, அந்தக் கைகள்தான்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அது எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், எண்ணூருக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளியில் நடந்தது. வியட்நாம் எல்லைக் காவல்படைக்குப் பன்னிரண்டு அதிவேக ரோந்துப் படகுகள் வேண்டியிருந்தன. இந்தியா கொடுத்த 10 கோடி டாலர் கடனில் எல் அண்டு டி அந்த வேலையை எடுத்தது. முதல் ஐந்து படகுகள் இங்கே. மீதி ஏழு வியட்நாமிலேயே, ஹாங் ஹா தளத்தில். 2022 ஜூனில் ஒப்படைத்து முடித்தார்கள். இதைத்தான் நான் மருமகனிடம் பிடித்துப் பிடித்துச் சொன்னேன். முதல் சில கப்பலைத் தெரிந்தவர் தளத்தில் கட்டு. உன் ஆட்களை அங்கே அனுப்பு; வேடிக்கை பார்க்க இல்லை, வெல்டிங் டார்ச் பிடிக்க. பிறகு அதே வரைபடத்தில், அதே தகட்டில், மீதியை உன் ஊரில் கட்டு. உன் தளம் புதிதாகக் கப்பல் வடிவமைக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரே வகைக் கப்பலைக் கட்டவும், பிறகு முப்பது வருடம் அதைப் பழுது பார்க்கவும் தெரிந்தால் போதும்.

"அது சின்னப் படகு மாமா. பெரிய ரோந்துக் கப்பலை அப்படி ஊர்ல கட்ட முடியுமா?" என்று மடக்கினான். நியாயமான கேள்வி. அவன் தளத்தில் நம் கடலோரக் காவல்படைக்குக் கட்டிய ஏழு விக்ரம் வகை ரோந்துக் கப்பல்கள் ஒவ்வொன்றும் 98 மீட்டர். அந்த அளவை மொரீஷியஸில் கட்டச் சொன்னால் வீண் செலவுதான். பெரிய கப்பல் என்றால் பக்கத்து நாட்டில் கட்டு, பழுதுபார்ப்பை மட்டும் ஊருக்குக் கொண்டுவா. சின்னப் படகு என்றால் இரண்டையும் கொண்டுவா. இந்தக் கோட்டில் அவனும் நானும் ஒத்துப்போனோம்.

இனி ஆள். இதைக் கடைசியில் வைத்தாலும் எனக்கு இதுதான் முதல். 2014 முதல் அயர்லாந்து வாங்கிய சாமுவேல் பெக்கெட் வகைக் கப்பல்கள் 90 மீட்டர் நீளமான நல்ல கப்பல்கள். நான்கு வந்தன. ஆனால் 1,094 பேர் இருக்க வேண்டிய படையில் 800 பேருக்கும் கீழே போய்விட்டார்கள். சம்பளம் போதவில்லை, வெளியே வேலை கிடைத்தது. 2023 ஜனவரியில் இரண்டு கப்பல்களை ஓட்ட ஆளில்லாமல் கட்டிப்போட்டார்கள். அதில் ஒன்று கட்டி ஏழு வருடம்கூட ஆகாதது. இதற்கிடையில் நியூசிலாந்து கழித்த இரண்டு சிறு ரோந்துக் கப்பல்களை 2.6 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். ஐம்பத்தைந்து மீட்டர்தான், பெரிய கப்பலுக்கு வேண்டியதில் பாதி ஆள் போதும். இருக்கிற ஆளுக்கு ஏற்ற கப்பல் என்று பார்த்தால் பழசும் சரியான முடிவாகும் என்பதற்கு இது உதாரணம்.

அந்த இரண்டுக்கும் ஈவின், கோப்னட் என்று பெயர் வைத்தார்கள். இங்கேதான் மரபு வருகிறது. அயர்லாந்தில் கப்பலுக்குப் பெண் பெயர், அதிலும் பழங்கதையிலும் வரலாற்றிலும் வரும் பெண்களின் பெயர் வைப்பது 1946 முதல் வழக்கம். 2014இல் அதை விட்டுவிட்டு எழுத்தாளர்கள் பெயருக்குப் போனார்கள். படையில் பலருக்கு அது உறுத்தியது. இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். கோப்னட் தேனீக்களுக்குக் காவலாகக் கருதப்படும் ஒரு பெண் புனிதர், கார்க் பக்கத்து மக்களுக்கு நெருக்கமானவர். வேளாங்கண்ணி மாதா என்றும் கங்கையம்மன் என்றும் படகுக்குப் பெயர் வைக்கும் எங்கள் கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலை அடிக்கும்போது வாயில் வருகிற பெயராக இருக்க வேண்டும்.

பெயரில் அந்த நாடு யாரைத் தன்னவர் என்று நினைக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கஜபாகு என்றதும் சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவுக்கு வந்த கயவாகு நமக்கு நினைவுக்கு வருவார். விஜயபாகு என்றால் பொலன்னறுவையிலிருந்து சோழரை விரட்டிய மன்னர். ஒரு பெயரில் உறவு இருக்கிறது, இன்னொன்றில் பகை இருக்கிறது. தமிழரும் வரி கட்டும் நாட்டில் கப்பலுக்குப் பெயர் வைக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கப்பல் பெயர் எவ்வளவு தூரம் போகும் என்று வடசென்னைக்காரனுக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. "அவன் பெரிய எம்டன்டா" என்று இன்றும் பேசுகிறோம். அந்தக் கப்பலில் உயிர் பிழைத்தவர்கள் எம்டன் என்பதைத் தங்கள் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொள்ள அவர்கள் நாடு அனுமதித்தது. பேரப்பிள்ளைகள்வரை அந்தப் பெயர் போகிறது.

ஒரு கப்பலை எப்படி வாங்குவது என்று பேசும்போது எப்படி அனுப்புவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். கார்க்கில் கட்டிய அந்த ஆஷ்லிங்கைப் பற்றிச் சொல்கிறேன். 1985 ஜூன் 23 காலை ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 329 பேரும் இறந்தார்கள். அந்த இடத்துக்குப் போய்த் தேடுதலை நடத்தியது ஆஷ்லிங். அந்த இளம் மாலுமிகள் இந்திய வம்சாவளிப் பெண்கள், குழந்தைகளின் உடல்களை ரப்பர் படகிலிருந்து கையால் தூக்கி மேலே ஏற்றினார்கள். அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்திராதவர்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2017இல் அந்தக் கப்பலை 1,10,000 யூரோவுக்கு ஏலம் விட்டார்கள். ஒரு தரகர் வாங்கினார். கை மாறி, லிபியாவில் உள்நாட்டுப் போர் நடத்திய ஒரு தளபதியின் படையில் அல் கராமா என்ற பெயரில் போய் நின்றது. அதன் சகோதரிக் கப்பல் ஈஃபாவை 2015இல் மால்டாவுக்கு நேராகவே கொடுத்தார்கள். அங்கே அது இன்னொரு சின்னக் கடற்படையின் ரோந்துக் கப்பலாகத் தொடர்ந்து உழைத்தது. ஒரே தளத்தில், ஒரே கைகள் கட்டிய இரண்டு கப்பல்கள். எனக்கு மந்திரி நாற்காலி கொடுத்தால் ஏலம் என்ற வார்த்தையையே கோப்பில் எழுத விடமாட்டேன். தெரிந்த கடற்படைக்குக் கொடு, இல்லையென்றால் உடைத்து இரும்பாக்கு.

அதனால் மருமகனுக்கு என் பதில் இது. சில நாள் ஓட்டத்தில் இருக்கும் தளத்தில், ஊரில் பழுதுபார்க்கத் தெரிந்த எஞ்சினோடு, எளிமையான புதுக் கப்பல். ஒரே வகையில் குறைந்தது இரண்டு. ஒன்று கரையேறும்போது மற்றது கடலில் நிற்க வேண்டும். ஆர்டர் போட்ட அன்றே பையன்களைப் பயிற்சிக்கு எடு, சம்பளத்தையும் அன்றே உயர்த்து. சின்னப் படகுகளை வியட்நாம் வழியில் ஊரில் கட்டு. பத்து வயதுக்கு உட்பட்ட, ஜோடியாக வரும், அதே வேலைக்குக் கட்டிய கப்பல் கிடைத்தால் மட்டும் பழசு. ஐம்பது வருடக் கப்பலை இலவசமாகக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிடு.

கூட்டாளி லாஞ்சை வாங்கிவிட்டார். பதினெட்டு வயது என் கணக்குக்கு அதிகம்தான். ஆனால் அதன் எஞ்சின் அவருடைய முதல் படகில் இருக்கும் அதே எஞ்சின்; ஸ்பேர் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது, டிரைவருக்கும் அது கைப்பழக்கம். மருமகன் அளவுக் கருவி கொண்டுவந்து தகட்டை இடம் இடமாக அளந்து சாக்பீஸால் வட்டம் போட்டான். பதினோரு வட்டம். பதினோரு தகடும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் முன்பணம் கொடுத்தார். பெயின்ட்டைச் சுரண்டும்போது முன்பக்கம், அணியத்தில், பழைய பெயர் வெல்டிங் மேடாகத் தெரிந்தது. விற்றவரின் அம்மா பெயராம். கிரைண்டரை எடுத்த பையனைக் கூட்டாளி நிறுத்தினார். "இருக்கட்டும்டா, பதினெட்டு வருசம் காப்பாத்தின பேரு." ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் அதே பெயரோடுதான் துறைமுக வாயைத் தாண்டியது. நாங்கள் மூன்று பேரும் வார்ஃபில் நின்று, எஞ்சின் சத்தம் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.